ஓடிக்கொண்டிருந்தவனுக்கு அர்த்தம் என்ன?

(செல்லூரில் ஒரு வீட்டுத் திண்ணை. பெரியப்பா ஓய்வுபெற்ற கண்டக்டர். கையில் மின்நூல் படிக்கும் கருவி. ஒரு சொல்லை அவர் அழுத்துகிற அழுத்தில் பாவம், திரைதான் குழிந்துவிடும் போலிருக்கிறது.)

பெரியப்பா: ஏத்தா செல்வி, நீ போட்டுத் தந்த அகராதி வாயையே திறக்கவில்லை.

செல்வி: நேற்று நன்றாகத்தானே இருந்தது? கொடுங்கள் பார்ப்போம். பெரியப்பா, ஸ்டார்டிக்ட் என்ற வகை மின்னகராதிக்கு ஐஎஃப்ஓ, ஐடிஎக்ஸ், டிக்ட் என்று மூன்று கோப்பு வேண்டும். இங்கே இரண்டுதான் இருக்கிறது.

பெரியப்பா: அந்த ஐஎஃப்ஓவா? ஒரு கேபி கூடத் தேறவில்லை. துளியூண்டு இருந்தது, குப்பை என்று அழித்துவிட்டேன்.

செல்வி: அதில்தான் அகராதியின் பெயரும் சொற்கணக்கும் இருக்கிறது. அது இல்லையென்றால் இங்கே அகராதி இருப்பதே கருவிக்குத் தெரியாது.

பெரியப்பா: சரி சரி. டிக்கெட் கணக்கு எழுதுகிற இன்வாய்ஸ் இல்லாமல் செக்கரிடம் மாட்டின மாதிரி.

(கோப்பு மறுபடி ஏறுகிறது.)

பெரியப்பா: இப்போது இந்தக் கதையில் பஸ்ஸைப் பிடிக்க 'ஓடிக்கொண்டிருந்தவனுக்கு'... ம்ஹூம், கிடைக்கவில்லையாம்.

செல்வி: அதற்கு உங்களுக்கு அர்த்தம் தெரியாதா?

பெரியப்பா: தெரியும். தெரியாத சொல்லைக் கேட்டால், அது சொல்வது சரியா தப்பா என்று நான் எப்படிக் கண்டுபிடிப்பது?

செல்வி: அதுவும் சரிதான்.

பெரியப்பா: சென்னைப் பல்கலைக்கழகப் பேரகராதி, 1924-இலிருந்து 1936 வரை ஆறு தொகுதி, லட்சத்துக்கு மேல் சொல் என்று பெருமையடித்தாயே. அத்தனை கூட்டத்தில் இவன் ஒருத்தன் நிற்க இடம் இல்லையா?

செல்வி: உங்கள் பஸ்ஸின் பலகையில் என்ன எழுதியிருக்கும்?

பெரியப்பா: மாட்டுத்தாவணி.

செல்வி: 'மாட்டுத்தாவணிக்குப் போய்க்கொண்டிருந்தவர்களோடு' என்று எங்கேயாவது பலகை உண்டா? அகராதியிலும் தலைச்சொல் மட்டும்தான். இந்தக் கருவியோ நீங்கள் அழுத்தியதை அப்படியே கொண்டுபோய்த் தேடுகிறது. வாலை வெட்டிவிட்டு 'ஓடு' என்று போடுங்கள்.

பெரியப்பா: (தட்டுகிறார்) வந்துவிட்டது! கூரை ஓடு, ஆமை ஓடு, மண்டையோடு... ஏத்தா, பஸ்ஸைப் பிடிக்க வந்தவனுக்கு மண்டையோடு எதற்கு?

செல்வி: அது பெயர்ச்சொல், பெரியப்பா. இந்த அகராதியில் வினைச்சொல் வேண்டுமென்றால் 'தல்' சேர்த்து 'ஓடுதல்' என்று தேட வேண்டும்.

பெரியப்பா: இருந்த வாலை வெட்டச் சொன்னாய், இப்போது புது வாலை ஒட்டச் சொல்கிறாய். இதற்குள் அவன் பஸ்ஸையே விட்டிருப்பான்.

செல்வி: கதையில் பிடித்தானா, இல்லையா?

பெரியப்பா: எங்கே படித்தேன்? காலையிலிருந்து அந்த ஒரு வரியில்தானே நிற்கிறேன்!