ஸ்நார்க்கலிங் முடித்து மலைமேல் போகலாமா?

காலையில் பவளப்பாறைப் பக்கம் ஸ்நார்க்கலிங் செய்தால், 18 மணி நேரம் கழித்துத்தான் ஏடிவி வண்டியில் (கரடுமுரடான பாதையில் ஓடும் சிறு நாற்சக்கர வண்டி) தீவின் மலைமேல் போகலாம் என்று ஒருவர் சொல்லியிருக்கிறார். அந்தக் கணக்கு, காற்று சிலிண்டரோடு ஆழத்தில் மூழ்கும் ஸ்கூபாவுக்கு உரியது. சிலிண்டரின் அழுத்தக் காற்றை ஆழத்தில் சுவாசிக்கும்போது கூடுதல் நைட்ரஜன் உடலில் கரைகிறது; சீக்கிரமே உயரத்துக்குப் போனால் அது குமிழாகலாம். ஸ்நார்க்கல் குழாயில் வருவதோ நீருக்கு மேலே இருக்கும் சாதாரணக் காற்றுதான். சந்தேகமிருந்தால் டைவிங் பாதுகாப்பு அமைப்பான டைவர்ஸ் அலர்ட் நெட்வொர்க் தரும் 'டைவிங்குக்குப் பின் விமானப் பயணம்' வழிகாட்டுதலைத் தேடிப் பாருங்கள். ஒரே டைவுக்குக் குறைந்தது 12 மணி, பல நாள் டைவிங்குக்கு 18 மணி. இரண்டுமே அழுத்தக் காற்றில் மூழ்குபவர்களுக்கு. அதே நாளில் ஸ்கூபாவும் உண்டென்றால், சரி, மலையை முதலில் முடித்துவிடுங்கள்.