63 விழுக்காடு: வாக்குகளா, இடங்களா?

2024 ஜூலையில் நடந்த பிரிட்டன் பொதுத்தேர்தலில் 63 விழுக்காட்டினர் தொழிற்கட்சிக்கு வாக்களித்ததாகப் பகிரப்படும் தகவல் தவறானது. அக்கட்சி வென்ற இடங்களின் விகிதமே அது: 650இல் 411. பதிவான வாக்குகளில் அதற்குக் கிடைத்தவை ஏறத்தாழ 34 விழுக்காடுதான்.

ஒவ்வொரு தொகுதியிலும் முதலிடம் பெறுபவர் மட்டுமே வெல்லும் முறையில், தோற்றவர்களுக்கு விழுந்த வாக்குகள் எந்த இடமாகவும் மாறுவதில்லை; அதனால்தான் 14 விழுக்காடு வாக்குகள் பெற்ற சீர்திருத்தக் கட்சிக்கு 5 இடங்களும், அதைவிடக் குறைவாக 12 விழுக்காடு பெற்ற லிபரல் ஜனநாயகக் கட்சிக்கு 72 இடங்களும் கிடைத்தன. இதை வெறும் கணக்கு விந்தையாகக் கடந்துவிட முடியாது, ஏனெனில் குரல் இழந்தவர்கள் வாக்காளர்கள்.

இதே முறையைக் கொண்டிருந்த நியூசிலாந்து, 1993 பொதுவாக்கெடுப்பில் மக்கள் அளித்த தீர்ப்பின்படி, 1996 முதல் கட்சிகளின் வாக்கு விகிதத்தை ஒட்டி இடங்களைப் பங்கிடுகிறது. அங்கு 2020இல் 50 விழுக்காடு வாக்குகள் பெற்ற கட்சிக்கு 120இல் 65 இடங்கள் கிடைத்தன.