உறைவிந்திலும் நோய் பயணிக்கும்

குதிரையைக் கடல் கடந்து அனுப்பாமல் அதன் விந்தை மட்டும் உறையவைத்து அனுப்பினால் நோய் பரவும் அச்சமே இல்லை என்று குதிரை இனப்பெருக்கம் பற்றிய கட்டுரையில் கட்டுரையாளர் எழுதியிருப்பதை என்னால் ஏற்க இயலவில்லை. விந்தணுவை உயிரோடு காக்கும் மைனஸ் 196 டிகிரி செல்சியஸ் திரவ நைட்ரஜன், அதனுடன் கலந்திருக்கும் வைரஸையும் பாக்டீரியாவையும் சேர்த்தே காத்துக் கொடுக்கிறது. குதிரைகளின் தமனி அழற்சி நோய்க்குக் காரணமான வைரஸ், வெளிப்பார்வைக்கு முழு நலத்துடன் இருக்கும் பொலிகுதிரையின் (இனப்பெருக்கத்துக்கான ஆண் குதிரையின்) இனப்பெருக்க உறுப்புகளில் பல ஆண்டுகள் தங்கி விந்தின் வழியே வெளியேறக்கூடியது. அது தொற்றினால் சினைக்குதிரைகள் கருச்சிதைவு அடையக்கூடும். 2006இல் அமெரிக்காவின் நியூ மெக்சிகோவில் தொடங்கிய தொற்று பிற மாநிலங்களுக்குச் சென்றதில் அனுப்பப்பட்ட விந்துக்கும் பங்கிருந்தது.

2008 டிசம்பரில் அமெரிக்காவின் கென்டக்கி மாநிலத்தில் நடந்ததை இங்கே குறிப்பிட்டே ஆக வேண்டும். விந்து ஏற்றுமதிக்காக வழக்கம்போல் பரிசோதிக்கப்பட்ட குவார்ட்டர் ஹார்ஸ் என்ற அமெரிக்க இனப் பொலிகுதிரை ஒன்றிடம், இனச்சேர்க்கையால் பரவும் தொற்றுக் கருப்பை அழற்சி நோயின் பாக்டீரியா கண்டறியப்பட, அதன் தடத்தைத் தேடிச் சென்ற அதிகாரிகள் பல மாநிலங்களில் 20க்கும் மேற்பட்ட பொலிகுதிரைகளிடம் அதைக் கண்டனர். அந்த ஒரு பரிசோதனை இல்லாதிருந்தால் எத்தனை பெட்டைகள் பாதிக்கப்பட்டிருக்கும் என்று எண்ணவே மனம் பதறுகிறது.

தரோபிரெட் பந்தயக் குதிரைகளுக்கு நேரடி இணைசேர்ப்பு மட்டுமே அனுமதி என்பதால் இந்த விவாதம் அவற்றுக்குப் பொருந்தாது. மற்ற இனங்களைப் பொறுத்தவரை, விந்து வாங்குவோர் விலையைக் கேட்கும் முன் பரிசோதனைச் சான்றிதழைக் கேட்க வேண்டும்.