பெட்டியில் உள்ள 20 பார் எதைக் குறிக்கிறது?

வீட்டுக்கு எஸ்பிரெசோ (அழுத்தம் கொடுத்து இறக்கும் கெட்டிக் காபி) மெஷின் வாங்கும்போது 9 பார் மெஷினை விட 15 பார், அதைவிட 20 பார் மேல் என்று சிலர் சொல்கிறார்கள். பார் என்பது அழுத்தத்தை அளக்கும் அலகு. அதில் ஒரு சின்னத் திருத்தம்.

பெட்டியில் போட்டிருப்பது பம்ப் அதிகபட்சமாகத் தரக்கூடிய அழுத்தம். காபித்தூள் வழியாகத் தண்ணீர் இறங்க வேண்டியது ஏறக்குறைய 9 பாரில்தான். இத்தாலிய எஸ்பிரெசோவுக்கான தரக்குறிப்பிலும் 7 கிராம் தூள், 9 பார், 25 விநாடி, 25 மில்லி என்றே இருக்கிறது. எல்லாவற்றிலும் கொஞ்சம் முன்பின் இருக்கலாம். வீட்டு மெஷின்களில் வரும் சிறிய அதிர்வுப் பம்ப் பெரும்பாலும் 15 பார் வரை தரும். அதனால்தான் நல்ல மெஷின்களில் மிஞ்சிய அழுத்தத்தை வெளியேற்ற ஒரு வால்வு வைக்கிறார்கள். கூடுதல் பார் கூடுதல் ருசி என்றால் அந்த வால்வுக்கு வேலையே இல்லையே!

நம்ப வேண்டாம், நீங்களே பாருங்கள். நல்ல காபிக் கடையில் எஸ்பிரெசோ இறங்கும்போது மெஷினின் அழுத்தமானியைக் கவனியுங்கள். முள் பெரும்பாலும் 9-ஐ ஒட்டியே நிற்கும். வாங்க நினைக்கும் மாடலின் கையேட்டில் பம்ப் அழுத்தம், காபி இறங்கும் அழுத்தம் இரண்டும் தனித்தனியாகத் தந்திருக்கிறதா என்றும் பாருங்கள்.