எக்ஸ்ரேயில் வடு தெரியவில்லை, அதனால் தூசு காரணமில்லையாம்

கல் வெட்டுபவர், பாறையில் துளை போடுபவர், வார்ப்புப் பட்டறையில் மணல் அச்சு உடைப்பவர். இவர்களில் ஒருவருக்கு நுரையீரல் புற்றுநோய் வந்தால் அவர் சுவாசித்த சிலிக்கா தூசுதான், அதாவது கல்லிலும் மணலிலும் இருந்து கிளம்பும் தூசுதான், காரணமா என்ற வாதம் பல பத்தாண்டுகளாக நடக்கிறது. வாதம் நடப்பதில் எனக்குக் குறை இல்லை. அது கடைசியில் யார் தலையில் போய் விடிகிறது என்பதில்தான் கோபம்.

ஜெர்மனியின் தொழில்நோய்ப் பட்டியலில் 4112 என்று ஓர் எண் உண்டு. சிலிக்கா தூசால் வந்த நுரையீரல் புற்றுநோய்க்கானது. ஆனால் கூடவே ஒரு நிபந்தனை: அந்த ஆளுக்கு சிலிக்கோசிஸ், அதாவது தூசு படிந்து நுரையீரல் வடுப்பட்டுக் கெட்டியாகும் நோய், இருப்பது நிரூபணமாக வேண்டும். பிரிட்டனின் பட்டியலில் டி11 என்று இந்தப் புற்றுநோய் நுழைந்ததும் இதே நிபந்தனையோடுதான். முப்பது வருடம் தூசு தின்றிருந்தாலும் வடு காட்ட முடியாதவருக்கு இழப்பீட்டுக் கதவு திறக்காது.

இந்த நிபந்தனைக்கு ஒரு வரலாறு இருக்கிறது. உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 1987இல் சிலிக்காவை 'அநேகமாகப் புற்றுநோய் தருவது' என்று வகைப்படுத்தியது. 1997இல் அதை முதல் பிரிவுக்கு, உறுதியாகப் புற்றுநோய் தருபவற்றின் பட்டியலுக்கு, மாற்றியது. ஆனால் அந்த 1997 அறிக்கையிலேயே, ஆராய்ந்த எல்லாத் தொழில்களிலும் இந்த விளைவு காணப்படவில்லை என்றும் எழுதியிருந்தார்கள். நேர்மையான குறிப்பு. அப்புறம் எதிர்த்தரப்புக்குக் கிடைத்த பெரிய ஆயுதமும் அதுதான்.

சந்தேகப்பட்டவர்களை மொத்தமாகக் கம்பெனி ஆட்கள் என்று தள்ளிவிடவும் முடியாது. சுரங்கக் காற்றில் ரேடான் என்ற கதிரியக்க வாயு இருக்கும், சில இடங்களில் ஆர்சனிக்கும் இருக்கும், இவையும் புற்றுநோய் தருபவை, தொழிலாளிகளில் நிறையப் பேர் புகைப்பவர்கள். ஆய்வுக்கூடத்தில் சிலிக்கா கொடுத்துப் பார்த்தபோது எலியினத்தில்கூட பெரிய எலிகளுக்குக் கட்டி வந்தது, சுண்டெலிகளுக்கு வரவில்லை. இதையெல்லாம் பிரித்துப் பார்க்கத்தான் வேண்டும். பார்த்தார்கள். 2001இல் 10 தொழிலாளர் குழுக்களின் தரவை ஒன்றாக்கி 65,980 பேரைக் கணக்கில் எடுத்தார்கள். அவர்களில் 1,072 பேர் நுரையீரல் புற்றுநோயால் இறந்திருந்தார்கள். மொத்தமாக வாங்கிய தூசின் அளவு கூடக்கூட அபாயமும் கூடியது. 2009இல் அதே முகமை மறுபடி உட்கார்ந்து பார்த்தும் முதல் பிரிவை மாற்றவில்லை.

சரி, வடு இல்லாதவருக்கும் வருமா? வாதத்தின் உயிரே இதில்தான் இருக்கிறது. தூசு முதலில் அழற்சியை உண்டாக்கி, அது வடுவாகி, வடுவில் புற்றுநோய் முளைக்கிறது என்பது ஒரு பார்வை. அழற்சியே போதும், வடு வரும்வரை காத்திருக்கத் தேவையில்லை என்பது இன்னொன்று. நான் இரண்டாவது பக்கம். ஆனால் அதைவிட எனக்கு உறுத்துவது வேறு. 'வடு இல்லை' என்று முடிவு செய்தது எதை வைத்து? பெரும்பாலும் சாதாரண நெஞ்சு எக்ஸ்ரே. தென்னாப்பிரிக்கத் தங்கச் சுரங்கத் தொழிலாளர்களின் எக்ஸ்ரேக்களை, அவர்கள் இறந்தபின் செய்த உடற்கூறாய்வோடு ஒப்பிட்டுப் பார்த்தார்கள். நுரையீரலில் சிலிக்கோசிஸ் இருந்தவர்களில் பாதிக்கும் மேற்பட்டவர்களுக்கு எக்ஸ்ரே அதைக் காட்டவே இல்லை. உயிரோடு இருக்கும்போது படம் காட்டாததைக் காட்டச் சொல்லி ஒரு நோயாளியிடம் கேட்கும் சட்டத்தை என்னவென்று சொல்வது?

புகைப்பழக்கம் என்ற பதில் எப்போதும் கையில் தயாராக இருக்கும். எங்கள் வீட்டுத் தரைக்குக் கல் வெட்ட வந்தவர் தண்ணீர் இல்லாமல் உலர்வாகவே வெட்டினார், மூக்கில் ஒரு கைக்குட்டை. நான் ஜன்னலைச் சாத்திக்கொண்டு உள்ளே போய்விட்டேன், அவர் வெள்ளைப் புகைக்குள்ளேயே நின்றார். நுரையீரலின் அடிவரை போகும் தூசு கண்ணுக்குத் தெரியாத நுண்துகள், கைக்குட்டைக்கெல்லாம் நிற்காது. வேலை முடிந்து ஒரு சிகரெட் பற்றவைத்தார். பின்னாளில் ஏதாவது வந்தால் கோப்பில் அந்த சிகரெட் மட்டும்தான் ஏறும். ஆனால் ஐரோப்பா, கனடாவின் 14 ஆய்வுகளைச் சேர்த்து 2020இல் வந்த பகுப்பாய்வு, புற்றுநோய் வந்தவர்கள் மட்டும் 16,901 பேர், சொல்வது வேறு. புகைக்கவே புகைக்காதவர்களிடமும் தூசோடு அபாயம் கூடியது. சிலிக்கோசிஸ் இல்லாதவர்களிடமும் கூடியது. தூசும் புகைப்பழக்கமும் சேர்ந்தால் அபாயம் ஒன்றின் மேல் ஒன்று கூட்டிய அளவோடு நிற்கவில்லை, அதைத் தாண்டியது. ஆகவே புகைப்பவர் என்பது தூசை அதிகமாகத் தடுக்க வேண்டிய காரணம். அதைத் தப்பிக்கும் வழியாக்குவது என்ன நியாயம் என்று எனக்குப் புரியவில்லை.

தாமதத்துக்கு ஓர் உதாரணம். அமெரிக்காவில் ஒரு கன மீட்டர் காற்றில் 50 மைக்ரோகிராமுக்கு மேல் சிலிக்கா கூடாது என்று அரசின் சொந்த ஆய்வு நிறுவனமே 1974இல் பரிந்துரைத்தது. அது சட்டமானது 2016இல். 42 வருடம். ஒரு ஷிஃப்டில் ஒருவர் 10 கன மீட்டர் காற்றை இழுக்கிறார் என்று வைத்தால் அந்த வரம்பு அரை மில்லிகிராம், சில உப்புப் பரல்களின் எடை. சண்டை முழுக்க அவ்வளவுக்குத்தான்.

இழப்பீட்டுக்கு வருகிறேன். அதே ஜெர்மன் பட்டியலில் ஆஸ்பெஸ்டாஸால் வரும் நுரையீரல் புற்றுநோய்க்கு 4104 என்ற எண். அங்கே வடு இல்லாவிட்டாலும் வழி இருக்கிறது. காற்றில் இருந்த ஆஸ்பெஸ்டாஸ் இழையின் அளவை வேலை செய்த வருடங்களால் பெருக்கி, 25 இழை-வருடம் வந்தால் போதும். சிலிக்காவுக்கும் ஏன் இப்படி ஒரு கணக்கு கூடாது? 2001 ஆய்வு தூசை அளந்ததே இந்த முறையில்தான். சின்னப் பட்டறைகளில் யாரும் காற்றை அளந்து பதிவு செய்திருக்க மாட்டார்களே என்பார்கள். 2020 பகுப்பாய்விலும் ஆள் ஆளாக அளந்த பதிவேடு ஏது? எந்த வேலை, எந்த ஆண்டு, எந்தப் பகுதி என்பதை வைத்து அளவை மதிப்பிடும் அட்டவணையைத்தான் பயன்படுத்தினார்கள்.