செலூஸ் காட்டைக் காத்தது வேட்டைக் கட்டணம் மட்டும் இல்லை

"ஆப்பிரிக்க வேட்டைக் காடுகளில் கள்ளவேட்டையைத் தடுப்பதே வேட்டைக்காரர்கள் கட்டும் பணம்தான், வெளிநாட்டு உதவியும் தொண்டு அமைப்புகளும் சும்மா" என்று எழுதியிருக்கிறீர்கள். பாதிதான் உண்மை.

தான்சானியாவின் செலூஸை எடுத்துக்கொள்ளுங்கள். 2019இல் ஒரு பகுதியைத் தேசியப் பூங்காவாகப் பிரிக்கும் வரை ஏறக்குறைய 50,000 சதுர கிலோமீட்டர் வனவிலங்குக் காப்பகமாக இருந்தது, அதில் பெரும்பகுதி வேட்டைக்குப் பிரித்துவிட்ட பகுதிகள். 1970களில் 1,00,000க்கு மேல் இருந்த யானைகள் 1980களின் கடைசியில் சுமார் 30,000 ஆகிவிட்டன, இத்தனைக்கும் அப்போதும் அங்கே கட்டணம் கட்டிய வேட்டை நடந்துகொண்டுதான் இருந்தது. ஆனால் காசு அரசுக் கருவூலத்துக்குப் போனது, ரோந்து போகிறவனுக்கு வண்டியும் டீசலும் இல்லை. ஜெர்மன் அரசின் உதவித் திட்டம் வந்து காவலர்களைத் தூக்கி நிறுத்தியது. வருமானத்தில் பாதியைக் காப்பகமே வைத்துக்கொள்ளும் ஏற்பாடு 1994இல் அந்தத் திட்டக் காலத்தில்தான் வந்தது. அதன் பிறகு வேட்டைப் பணம் நிஜமாகவே காட்டுக்கு உதவியது, யானைகளும் பெருகின. இதை மறைத்தால் அதுவும் தவறு.

ஜெர்மன் திட்டம் 2003இல் முடிந்தது, அடுத்த சில ஆண்டுகளில் அந்தப் பாதிப் பங்கும் கைவிட்டுப் போனது. அப்புறம் என்ன ஆனது? 2013 கணக்கெடுப்பில் சுமார் 13,000 யானைகள்தான். 2014இல் யுனெஸ்கோ செலூஸை ஆபத்தில் உள்ள உலகப் பாரம்பரியத் தலங்களின் பட்டியலில் சேர்த்தது. இன்னொன்று, வேட்டைப் பருவம் வறண்ட மாதங்களில். மழையில் பாதையெல்லாம் சேறாகி வேட்டை முகாம்கள் காலியாகும்போதும் தந்தக் கும்பல் வரும், அப்போதும் காவலருக்குச் சம்பளமும் ரேஷனும் வேண்டும். அந்தச் செலவை யார் தந்தார்கள் என்று பார்த்துவிட்டுப் பேசுங்கள்.