பேச்சு வந்த நாடும் சட்டம் மட்டும் வந்த நாடும்

2022 ஜூனில் அமெரிக்க உச்ச நீதிமன்றம் கருக்கலைப்பு உரிமையைப் பறித்தபோது நம் ஆட்கள் நிறையப் பேர் ஒரே மாதிரி எழுதினார்கள்: "இந்தியாவில் 1971லேயே சட்டம் வந்துவிட்டது, நாம் எவ்வளவோ மேல்." அதில் பாதி உண்மை. மீதிப் பாதியைச் சொல்லத்தான் இந்தப் பதிவு. அதற்கு அமெரிக்காவைவிட அயர்லாந்துதான் பொருத்தம். அங்கே நடந்ததில் நம் பக்கத்துப் பெண் ஒருத்தியின் உயிரும் போயிருக்கிறது.

அயர்லாந்தில் 1861ஆம் ஆண்டு பிரிட்டிஷ் காலச் சட்டப்படியே கருக்கலைப்பு குற்றம். ஆயுள் தண்டனைவரை கொடுக்கலாம். சுதந்திரம் வந்த பிறகும் யாரும் அதைத் தொடவில்லை. அப்படியிருந்தும் 1981இல் ஒரு குழு கிளம்பி, இது போதாது, அரசியலமைப்பிலேயே எழுதிவைக்க வேண்டும் என்றது. காரணம் பயம். 1973இல் அந்நாட்டு உச்ச நீதிமன்றம், திருமணமானவர்கள் கருத்தடைச் சாதனங்களை வெளிநாட்டிலிருந்து வரவழைத்துக்கொள்ளலாம் என்று தீர்ப்பளித்திருந்தது. இன்று கருத்தடை என்றால் நாளை கருக்கலைப்பு என்று அவர்கள் நினைத்தார்கள். அந்தச் சமயத்தில் அங்கே பதினெட்டு மாதத்துக்குள் மூன்று பொதுத்தேர்தல்கள். ஒவ்வோர் ஓட்டும் முக்கியம். கேட்டதும் இரண்டு பெரிய கட்சிகளும் தலையாட்டிவிட்டன.

வாசகத்தை உட்கார்ந்து படித்த அட்டர்னி ஜெனரல் பீட்டர் சதர்லாண்ட், இது குழப்பத்தில் கொண்டுபோய் விடும், தாயைக் காப்பாற்ற வேண்டிய மருத்துவரே கைகட்டி நிற்க நேரும் என்று எச்சரித்தார். யாரும் நிதானிக்கவில்லை. 1983 செப்டம்பர் 7ஆம் தேதி நடந்த பொதுவாக்கெடுப்பில் 66.9 விழுக்காட்டினர் ஆதரித்தார்கள். எட்டாவது திருத்தம் நிறைவேறியது. பிறக்காத உயிருக்கும் தாய்க்கும் சமமான உயிருரிமை உண்டு என்பது அதன் சாரம்.

கேட்பதற்கு அழகாகத்தான் இருக்கிறது. கருவில் இருப்பதும் உயிர்தானே என்று கேட்பவர்களை நான் இளக்காரமாகப் பேச மாட்டேன். அந்தக் கேள்வி பலருக்கு உள்ளிருந்து வருவது, எனக்கும் அது புரியாத ஒன்றல்ல. ஆனால் அந்த உணர்வைச் சட்ட வாசகமாக்கி ஒரு நாட்டின் எல்லாப் பெண்கள் மேலும் வைத்தபோது என்ன ஆயிற்று என்று பார்க்க வேண்டும் அல்லவா?

ஐந்து மாதம்கூட ஆகவில்லை. 1984 ஜனவரி 31 அன்று கிரானார்ட் என்ற சிற்றூரில் ஆன் லவெட் என்ற 15 வயதுப் பள்ளி மாணவி, ஊரில் இருந்த மாதா கெபிக்குப் போய் மழையிலும் குளிரிலும் தனியாகப் பிள்ளை பெற்றாள். குழந்தையும் இறந்தது, அன்றே அவளும் இறந்தாள். அந்தச் செய்தி வந்த பிறகு கே பைர்ன் என்பவரின் வானொலி நிகழ்ச்சிக்கு நாடெங்கும் இருந்து பெண்கள் கடிதம் எழுதினார்கள். தனியறையில் யாருக்கும் தெரியாமல் பெற்றது, பெற்றதைப் பறிகொடுத்தது என்று பல பத்தாண்டுகளாக வாய்க்குள் வைத்திருந்ததை எல்லாம் எழுதினார்கள். அவர் அவற்றை ஒலிபரப்பில் ஒவ்வொன்றாகப் படிக்கவைத்தார். ஊர் அறிய இவ்வளவு பேர் இதைப் பேசியது அனேகமாக அதுதான் முதல் முறை.

சட்டமோ இன்னும் இறுகியது. கருக்கலைப்பு செய்யும் லண்டன் மருத்துவமனையின் முகவரியைச் சொல்வதுகூடத் தவறு என்று நீதிமன்றங்கள் சொல்லின. பிரிட்டிஷ் பெண்கள் இதழ் ஒன்று, கருக்கலைப்பு விளம்பரம் வரவேண்டிய இடத்தை வெறும் வெள்ளையாக விட்டு அயர்லாந்துக்கு அனுப்பியது. இதனால் கருக்கலைப்பு நின்றதா? கப்பலில் ஏறி இங்கிலாந்து போனார்கள், விமானம் மலிவானதும் விமானத்தில் போனார்கள். 1980 முதல் 2018 வரை இங்கிலாந்து, வேல்ஸ் மருத்துவமனைகளில் அயர்லாந்து முகவரி கொடுத்தவர்கள் மட்டும் 1,70,000க்கும் மேல். 2001ஆம் ஆண்டில் மட்டும் 6,600க்கும் அதிகம். தோழி வீட்டு முகவரியைக் கொடுத்தவர்கள் இந்தக் கணக்கில் வரமாட்டார்கள். பணம் இருந்தவள், விடுப்பு கிடைத்தவள், விசா சிக்கல் இல்லாதவள் போனாள். மற்றவள் மாட்டிக்கொண்டாள். எந்த நாட்டுத் தடையைப் பார்த்தாலும் கடைசியில் அது ஏழையின் மேல்தான் இறங்குகிறது. எனக்கு இதுதான் ஆறவே மாட்டேன் என்கிறது.

1992இல் 14 வயதுச் சிறுமி ஒருத்தி, தெரிந்த ஒருவனால் வன்புணரப்பட்டுக் கருவுற்றாள். பெற்றோர் அவளை இங்கிலாந்துக்கு அழைத்துப் போனார்கள். போகும்போது, குற்றவாளியை நிரூபிக்கக் கருவின் திசு சாட்சியாக உதவுமா என்று காவல்துறையிடம் நேர்மையாகக் கேட்டார்கள். அந்த ஒரு கேள்வியால் அரசு விழித்துக்கொண்டு, அவள் நாட்டைவிட்டுப் போகக் கூடாது என்று தடையாணை வாங்கியது. தற்கொலை செய்துகொள்வேன் என்று அந்தப் பிள்ளை சொல்லிக்கொண்டிருந்தாள். உச்ச நீதிமன்றம் கடைசியில், தற்கொலை அபாயமும் உயிராபத்துதான் என்று சொல்லித் தடையை நீக்கியது. அந்தத் தீர்ப்புக்கு ஏற்ற சட்டத்தை நாடாளுமன்றம் அடுத்த இருபது ஆண்டுகளுக்கு எழுதவே இல்லை. யார் ஆட்சிக்கு வந்தாலும் தொட்டால் சுடும் என்று ஒதுங்கினார்கள். அந்த இருபது ஆண்டு மௌனத்துக்கு விலை கொடுத்தவள் சவிதா.

சவிதா ஹலப்பனவர், 31 வயது, கர்நாடகத்தின் பெலகாவியைச் சேர்ந்த பல் மருத்துவர். 2012 அக்டோபர் 21 அன்று 17 வாரக் கர்ப்பத்தில் முதுகுவலியோடு கால்வே பல்கலைக்கழக மருத்துவமனைக்குப் போனார். கரு தங்காது என்று சொல்லிவிட்டார்கள். பனிக்குடம் உடைந்துவிட்டது. ஆசையாகச் சுமந்த குழந்தை. எப்படியும் பிழைக்காது என்று தெரிந்த பிறகு, இதை முடித்துவிடுங்கள் என்று கேட்டார். கருவின் இதயத்துடிப்பு இருக்கிறது, உங்கள் உயிருக்கு இப்போது ஆபத்தில்லை, எனவே சட்டம் அனுமதிக்காது என்று பதில் வந்தது. இது கத்தோலிக்க நாடு என்று ஒரு செவிலியர் சொன்னதும் பின்னர் மரண விசாரணையில் உறுதியானது. அவர் அதை வன்மத்தோடு சொல்லவில்லை, இங்கே நிலைமை இப்படி என்று விளக்கத்தான் சொன்னேன் என்றார். நான் அதை நம்புகிறேன். நல்லவர்களையும் இப்படிப் பேசவைக்கும் நிலைமையைப் பற்றித்தான் என் கவலை.

24ஆம் தேதி விடியற்காலையில் காய்ச்சல், நடுக்கம். கிருமி இரத்தத்தில் ஏறிவிட்டது. அன்று பிற்பகல் கரு தானாக வெளியேறியது. 28ஆம் தேதி சவிதா இறந்தார்.

தடையை ஆதரித்தவர்கள் உடனே, இது மருத்துவமனையின் அலட்சியம், சட்டத்தின் தவறல்ல என்றார்கள். அலட்சியமும் இருந்தது, அதை மறைக்க வேண்டியதில்லை. வெள்ளணுக்கள் கூடியிருந்ததைக் காட்டிய பரிசோதனை முடிவை யாரும் கவனிக்கவில்லை, நாடியையும் காய்ச்சலையும் உரிய இடைவெளியில் பார்க்கவில்லை. விசாரணைக் குழுவுக்குத் தலைமை ஏற்றவர் லண்டனில் பேராசிரியராக இருந்த இலங்கைத் தமிழரான மகப்பேறு மருத்துவர் சபாரத்தினம் அருள்குமரன். 2013இல் வெளிவந்த அறிக்கை இரண்டையும் சேர்த்தே சொன்னது: கருவின் துடிப்பு நிற்கும்வரை தலையிடக் கூடாது என்பதில் அதிகக் கவனம், தாய்க்குத் தொற்று வருகிறதா என்பதில் குறைந்த கவனம். 2017இல் அயர்லாந்து நாடாளுமன்றக் குழுவின் முன் அவர் இன்னும் வெளிப்படையாகப் பேசினார். மருத்துவர்களின் கையைக் கட்டியது சட்டம்தான், கேட்டபோதே கலைத்திருந்தால் அவர் பிழைத்திருப்பார் என்றார்.

கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். உடல்நலத்துக்கு ஆபத்து என்றால் தொடக் கூடாது, உயிருக்கு ஆபத்து என்றால் தொடலாம். இந்த இரண்டுக்கும் நடுவே கோடு எங்கே இருக்கிறது? தொற்று சில மணி நேரத்தில் ஆளைத் தூக்கிவிடும். அவள் போதுமான அளவு சாகக் கிடக்கிறாளா என்று ஒரு மருத்துவர் காத்திருந்து பார்க்க வேண்டும், தவறிப்போனால் சிறை. அமெரிக்காவில் இன்று தடை உள்ள மாநிலங்களிலும் மருத்துவர்கள் இதே இடத்தில்தான் நிற்கிறார்கள்.

அப்புறம் அயர்லாந்து என்ன செய்தது என்பதுதான் இந்த விஷயத்தில் எனக்கு மிகவும் பிடித்த பகுதி. 2016 இறுதியில் மக்கள் மன்றம் ஒன்றைக் கூட்டினார்கள். உச்ச நீதிமன்ற நீதிபதி மேரி லஃபோய் தலைமை. வயது, ஊர், ஆண் பெண், வர்க்கம் எல்லாம் நாட்டை ஒத்திருக்கும்படி 99 சாதாரணக் குடிமக்கள். டப்ளினுக்கு அருகே ஓர் ஓட்டலில் ஐந்து வார இறுதிகள் உட்கார்ந்தார்கள். மருத்துவர்கள், வழக்கறிஞர்கள், இரு தரப்பு இயக்கத்தினர், கலைத்துக்கொண்ட பெண்கள், கலைக்க மறுத்த பெண்கள் என எல்லோரையும் கேட்டார்கள். முடிவில் 64 விழுக்காட்டினர், காரணம் கேட்காமலே அனுமதிக்கலாம் என்று வாக்களித்தார்கள். அரசியல்வாதிகள் அசந்துபோனார்கள். ஃபியன்னா ஃபாயில் கட்சித் தலைவர் மைக்கேல் மார்ட்டின் 2018 ஜனவரியில் நாடாளுமன்றத்தில் எழுந்து, கேட்டதையும் படித்ததையும் யோசித்து மனம் மாறிவிட்டேன் என்றார். அவர் கட்சிக்காரர்களில் பலர் மாறவில்லை. அப்படியும் சொன்னார். நம் ஊரில் ஒரு தலைவர் இப்படி எழுந்து நிற்பதைப் பார்க்க எனக்கு ஆசையாக இருக்கிறது.

மன்றத்தைவிட முக்கியம், வீடுகளில் நடந்த பேச்சு. கலைக்க இங்கிலாந்து போயிருக்கிறேன் என்று பெண்கள் தங்கள் பெயரோடும் முகத்தோடும் சொல்லத் தொடங்கினார்கள். அறுபது வயது அம்மாக்கள் முதல் முறையாக மகள்களிடம் சொன்னார்கள். கருவுக்குக் கடுமையான குறை இருந்து, இங்கிலாந்தில் பிரசவித்து, பிள்ளையின் சாம்பலைக் கூரியரில் பெற்ற தம்பதிகள் பேசினார்கள். சவிதாவின் பெற்றோர் பெலகாவியிலிருந்து, மாற்றத்துக்கு வாக்களியுங்கள் என்று கேட்டுக்கொண்டார்கள். வெளிநாட்டில் இருந்த இளைஞர்கள் ஓட்டுப்போட விமானம் ஏறி வந்தார்கள். 2018 மே 25 அன்று 66.4 விழுக்காட்டினர் எட்டாவது திருத்தத்தை நீக்க வாக்களித்தார்கள். தொகுதிகளில் டோனகல் மட்டும் எதிர்த்தது. 1983இல் கொண்டுவந்த அதே அளவு பெரும்பான்மை, 35 ஆண்டுகளில் மறுபக்கம் வந்துவிட்டது. 2019 ஜனவரி முதல் 12 வாரம்வரை காரணம் சொல்லாமலே கலைக்கலாம். மூன்று நாள் காத்திருக்க வேண்டும் என்ற விதி ஒன்று தொங்கிக்கொண்டிருக்கிறது. அது தேவையற்றது என்பது என் கருத்து.

இப்போது நம் கதைக்கு வருகிறேன். இங்கே 1971 சட்டம் தெருப்போராட்டத்தில் வரவில்லை. 1964இல் அமைத்த சாந்திலால் ஷா குழு, கைமருத்துவத்தில் பெண்கள் செத்துக்கொண்டிருந்ததைப் பார்த்துப் பரிந்துரைத்தது. கூடவே மக்கள்தொகைக் கவலையும் இருந்தது. நல்ல சட்டம், எத்தனையோ உயிரைக் காப்பாற்றியிருக்கிறது. ஆனால் அது பெண்ணுக்கு உரிமை என்று பேசவில்லை. மருத்துவர் நல்லெண்ணத்தோடு கருதினால் கலைக்கலாம், அவர்மேல் வழக்கு வராது என்றுதான் பேசியது. யாரும் யாரையும் சம்மதிக்கவைக்க வேண்டியிருக்கவில்லை. அதனால் வீட்டிலும் பேச்சு வரவில்லை. இன்றும் நம் பெண்கள் தெரிந்தவர் கண்ணில் படாத ஊராகப் பார்த்துப் போகிறார்கள். மெடிக்கல் ஷாப்பில் யார் மூலமாவது மாத்திரை வாங்கி, இரத்தப்போக்கு நிற்காமல் கடைசி நேரத்தில் அரசு மருத்துவமனைக்கு வருகிறார்கள்.

நமக்கு இன்னொரு சுமையும் உண்டு. கருக்கலைப்பு என்றதும் உசிலம்பட்டியும் ஸ்கேன் சென்டரும் நினைவுக்கு வருகின்றன. பெண் என்று தெரிந்து கலைப்பது கொடுமை, 1994ஆம் ஆண்டுச் சட்டம் தடுப்பது சரி. ஆனால் அந்தக் கோபத்தை, தன் காரணத்துக்காக வரும் பெண்மேல் எல்லாம் திருப்புவதில் எந்த நியாயமும் இல்லை. இலங்கையில் இன்னும் 1883ஆம் ஆண்டுத் தண்டனைச் சட்டம்தான், தாயின் உயிரைக் காக்க மட்டுமே அனுமதி. வன்புணர்வுக்கும் உயிர்பிழைக்காத கருவுக்கும் விலக்குத் தரலாம் என்று 2017இல் வந்த யோசனை மதத் தலைவர்கள் எதிர்த்ததும் கிடப்பில் போனது.

2022 செப்டம்பர் 29 அன்று நம் உச்ச நீதிமன்றம், திருமணமாகாத பெண்ணுக்கும் 24 வாரம்வரை உரிமை உண்டு என்று சொன்னது. அதே தீர்ப்பில், சட்டத்தில் இல்லாத நிபந்தனைகளை மருத்துவர்கள் போடக் கூடாது என்றும் சொன்னது. இருந்தும் எத்தனை இடங்களில் "வீட்டுக்காரரைக் கூட்டிட்டு வாம்மா" என்று திருப்பி அனுப்புகிறார்கள்! 18 வயது நிறைந்த பெண்ணுக்கு அவள் கையெழுத்து மட்டும் போதும். கணவர், அப்பா, மாமியார் யாருடைய சம்மதமும் சட்டத்துக்குத் தேவையில்லை. அவள் பெயரை வெளியே சொல்வதுதான் குற்றம். இதை உங்கள் அக்காவிடம், தங்கையிடம், கல்லூரிக்குப் போகும் மகளிடம் இந்த வாரமே சொல்லுங்கள். மகனிடமும் சொல்லுங்கள்.